லண்டன் ரகுநாதன்

1

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு எனக்கு இப்போது ஒரு வேலையும் இல்லை. முன்பெல்லாம் அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் பேச மாட்டார்கள். பேசினாலும் என் காதில் ஏறாது என்பது மனைவிக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும். எங்கள் ஊர் செஞ்சியில் அப்போது மாலை ஏழு மணி. கைப்பேசியில் நான் நடத்திவந்த குழுவில் அந்த வாரத்துத் துண்டு வந்து விழுகிற நேரம்.

துண்டு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பாட்டுக் கேட்பதற்கு ஊர் உலகமெல்லாம் ஆள் இருக்கிறது. நாங்கள் பாட்டை விட்டுவிட்டுப் படத்தின் பின்னணி இசையைக் கேட்கிறவர்கள். கதாநாயகி படியிறங்கும்போது வரும் வீணை, வில்லன் சிகரெட்டை அணைத்த பிறகு ஒலிக்கும் ஒற்றை செல்லோ, இவைதான் எங்களுக்குச் சாப்பாடு. பாட்டுக்குக் கேசட் போட்டார்கள், பின்னணி இசைக்கு அநேகமாக யாரும் போடவில்லை. அதனால் யாரும் வசனம் பேசாத இடமாகப் பார்த்து, படத்திலிருந்து நாங்களே வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். வாரம் ஒருவர் ஒரு துண்டு போடுவார். படத்தின் பெயரைச் சொல்லக் கூடாது. மூன்று முறை கேட்காமல் யாரும் கருத்துச் சொல்லக் கூடாது. அதற்கப்புறம் சண்டை, செவ்வாய்க்கிழமை வரைக்கும் போகும். இந்தக் குறிப்புகளிலும் படத்தின் பெயர் எதுவும் வராது, பழக்கதோஷம்.

போன மாதம் குழுவுக்கு ஒன்பது வயது முடிந்தது. அதற்குச் சில வாரங்களிலேயே நான் விலகிவிட்டேன். அதே வாரத்தில் லண்டன் ரகுநாதனும் காணாமல் போனார். எங்கள் இருவருக்கும் ஏதோ மனஸ்தாபம் என்று குழுவில் பேசிக்கொள்கிறார்களாம். ஆரம்பித்த ஆளே போனால் எப்படி என்று ஆளாளுக்குக் கேட்டார்கள், வேலை அதிகம் என்று பதில் போட்டேன். அது பொய். ரகுநாதன் என்று ஒருவர் லண்டனிலும் இல்லை, வேறெங்கும் இல்லை. நான்கு வருடமாக என்னை ஒருவன் முட்டாளாக்கியிருக்கிறான். கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லாததையெல்லாம் அந்த இல்லாத மனிதரிடம் நான் சொல்லி வைத்திருக்கிறேன். இதை எழுதும்போதும் எனக்குக் காது சூடாகிறது.

2

ஜெர்மனியின் தென்பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். தண்ணீர் பம்பு செய்கிற தொழிற்சாலையில் சோதனைப் பிரிவு. ஓடுகிற பம்பில் தப்புச் சத்தம் வருகிறதா என்று பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. அதற்குக் கருவி இருக்கிறது. ஆனாலும் கருவி சொல்வதற்கு முன்னால் என் காது சொல்லிவிடும். இங்கே வந்த பதினேழு வருடத்தில் இதற்காக மட்டும்தான் என்னை யாராவது பாராட்டியிருக்கிறார்கள்.

இங்கே என் பெயர் கோவிந்தசாமி. அது எங்கள் நைனாவின் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்கிற கட்டத்தில் நைனாவின் பெயரை எழுதியதோடு சரி, தனசேகர் காணாமல் போய்விட்டான். மேலதிகாரி, பல் டாக்டர், பக்கத்து வீட்டுக் கிழவர் எல்லோருக்கும் நான் ஹெர் கோவிந்தசாமிதான். முதல் மூன்று வருடம் திருத்தப் பார்த்தேன். ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தின் தாள் வேண்டும் என்றது. அந்த அலுவலகம் ஊரிலிருந்து ஒரு தாள் வேண்டும் என்றது. அப்படி ஒரு தாளே கிடையாது என்று ஊரில் சொன்னார்கள். நைனாவின் பெயரிலேயே இருந்துவிட்டுப் போகிறேன் என்று விட்டுவிட்டேன்.

குடியுரிமைக்குப் போனபோது அங்கிருந்த அம்மாள் ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பின்னணி இசை கேட்பேன் என்று சொல்ல வந்து, வார்த்தைக்கு வார்த்தை மாற்றி, படத்துக்குப் பின்னால் இருக்கிற இசையைக் கேட்பேன் என்று ஜெர்மனில் சொல்லிவிட்டேன். அவர் திரும்பிச் சுவரில் மாட்டியிருந்த மலைப் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு ஏதோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று இன்றுவரை தெரியாது, குடியுரிமை மட்டும் வந்துவிட்டது.

என் மகள் யாழினிக்குப் பதினைந்து வயது. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். பத்து வயதுவரை ஞாயிற்றுக்கிழமை என்னோடு உட்கார்ந்து துண்டு கேட்டவள்தான். பிறகு ஒருநாள், "அப்பா, படமும் இல்ல, பாட்டும் இல்ல, அப்ப என்னதான் கேக்கற?" என்றாள். அவள் பேசிய கடைசி முழுத் தமிழ் வாக்கியங்களில் அது ஒன்று. அதற்கப்புறம் அவள் காதில் அவளுடைய கருவி, என் காதில் என்னுடையது.

3

இதெல்லாம் எனக்கு எங்கே பிடித்தது என்றால், செஞ்சியில் ஒரு தியேட்டரின் ஆபரேட்டர் அறையில். அந்தத் தியேட்டர் இப்போது டைல்ஸ் கடை.

ஏழுமலையும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. எங்களுக்கு வல்லம் பக்கத்தில் நிலம், நெல்லும் கடலையும். கடலை பிடுங்குகிற நாட்களில் ஏழுமலையின் அம்மா எங்கள் நிலத்துக்குக் கூலிக்கு வருவார். ஏழுமலையின் சித்தப்பாதான் அந்தத் தியேட்டரில் ஆபரேட்டர். எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டரைச் சாக்குப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போவேன். ஆபரேட்டர் அறையில் ஒரு சின்ன ஒலிபெருக்கி இருக்கும். அதன் முன்னால் வைத்துப் பதிவு செய்வோம்.

வசனம் வரும்போது நிறுத்தி, வசனம் முடிந்ததும் பொத்தானை விடுவது ஏழுமலையின் வேலை. அவன் விரல் ஒருமுறைகூடத் தப்பாது. நான் செய்தால் கதாநாயகியின் அப்பா பாதி வாக்கியம் கேசட்டுக்குள் வந்துவிடுவார். "டேய் சேகரு, பேசறதுக்கு முன்னால மூச்சு இழுப்பாங்க பாரு, அந்த மூச்சுலயே அழுத்திடணும்" என்பான். எனக்கு அந்த மூச்சு கேட்டதே இல்லை. இதை இப்போது எழுதுகிறேனே தவிர, அப்போது நான் அவனிடம் ஒப்புக்கொண்டதில்லை.

அந்தத் தியேட்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. படம் நீளமாக இருந்தால் முதல் ஆட்டம் முடிவதற்குள் அனந்தபுரம் பக்கம் போகிற கடைசி பஸ் கிளம்பிவிடும். பஸ் இல்லை என்றால் அந்தப் பக்கத்து ஜனம் படத்துக்கே வராது. அதனால் படப்பெட்டி வந்த அன்றே முதலாளி சொல்லிவிடுவார், சித்தப்பா எங்காவது மூன்று நான்கு நிமிடத்தை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் ஒட்டிவிடுவார். எல்லா ஆட்டமும் அப்படியே ஓடும். சித்தப்பா வெட்டுவார் என்பது எங்களுக்குத் தெரியும், எதை வெட்டினார் என்பது தெரியாது. நாங்கள் பார்ப்பது ஒட்டிய பிறகுதானே.

பிளஸ் டூ முடித்ததும் நான் சென்னைக்குப் படிக்கப் போனேன். ஏழுமலை போகவில்லை. கேசட்டுகளை அவனிடமே கொடுத்துவிட்டுப் போனேன்.

4

குழுவை நான் ஆரம்பித்தபோது முதலில் சேர்த்தது ஏழுமலையைத்தான். அதற்குள் அவன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். கோட்டை பார்க்க வருகிறவர்கள் படம் எடுத்துப் படம் எடுத்து சார்ஜ் தீர்ந்து அவன் கடையில்தான் வந்து நிற்பார்கள். அவன் எழுத மாட்டான், பேசி அனுப்புவான். அந்தப் பேச்சுக்குள் பஸ் ஹாரன், கண்டக்டர் விசில், "சார்ஜர் இருக்குதாண்ணா" எல்லாம் கேட்கும். நடுவில் ஏழுமலையும் கேட்பான்.

குழு பெரிதாயிற்று. கல்லூரிப் பேராசிரியர், வயலின் வாசிக்கிறவர், சேலத்தில் பள்ளியில் இசை கற்பிக்கும் மாலதி என்று எழுபது பேருக்கு மேல் சேர்ந்தார்கள். எனக்கு அவர்கள் முன்னால் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கருத்துகள் எழுத்தில் மட்டும், பேசி அனுப்பக் கூடாது என்று ஒரு விதி போட்டேன். எல்லோருக்கும் பொதுவான விதிதான். ஆனால் பேசி அனுப்பிக்கொண்டிருந்தது ஏழுமலை ஒருவன்தான். அதற்கப்புறம் அவன் கட்டைவிரல் குறி மட்டும் போடுவான். நானும் அவனுக்குக் கட்டைவிரல் போடுவேன்.

இந்தச் சமயத்தில்தான் ரகுநாதன் வந்தார். லண்டனில் இருபது வருடம், மேற்கத்திய இசை முறையாகக் கற்றவர் என்று ஒரு வரி அறிமுகம். இந்திய எண் வைத்திருந்தார். ஊருக்கு வந்தபோது வாங்கியது, அதையே வைத்துக்கொண்டேன் என்றார். நானும் பல வருடம் அப்படித்தான் வைத்திருந்தேன், அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அவர் எழுதிய முதல் கருத்தையே நான் நான்கு பேருக்கு அனுப்பினேன். ஒரு துண்டில் விதவை ஒருத்தி கதவைச் சாத்திய பிறகு பத்து விநாடி மௌனம் வரும். அது இசையமைப்பாளர் விட்ட மௌனமா, படத்தொகுப்பாளர் செய்ததா என்று குழுவில் பல மாதமாக இரண்டு கட்சி. ரகுநாதன் எழுதினார்: "அங்கே மௌனமே இல்லை. மிகவும் தாழ்த்தி வைத்த தம்புரா ஒன்று ஒலித்துக்கொண்டிருக்கிறது. கதவு சாத்தப்பட்ட பிறகும் அவள் வீட்டுக்குள் யாரோ இருப்பதாக நமக்குத் தோன்றுவது அதனால்தான்." ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டேன். இருந்தது. இருபத்தைந்து வருடமாக நான் கேட்காத தம்புரா. அன்று அவருக்கு இரண்டு பக்கம் பதில் எழுதினேன்.

பிறகு தனியாக எழுதிக்கொள்ள ஆரம்பித்தோம். ஒருநாள் தவறாது. முதலில் இசை மட்டும்தான். எங்கள் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு வந்து எனக்கு ஏழு மாதம் வேலை இல்லாமல் போனது. ஊரில் அக்காவுக்குச் சொல்லவில்லை. பண்டிகைக்கு வழக்கம்போலப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வீடியோவில் சிரித்தேன். சட்டைக்குள் எப்படி இருந்தது என்பது ரகுநாதனுக்கு மட்டும்தான் தெரியும். அவர் ஆறுதல் சொல்ல மாட்டார். காலையில் ஒரு துண்டு அனுப்புவார், கேளுங்கள் என்பார், அவ்வளவுதான். அந்த ஏழு மாதமும் நான் படுக்கையிலிருந்து எழுந்தது அந்தத் துண்டுக்காகத்தான்.

யாழினியைப் பற்றியும் எழுதினேன். ஊருக்கு வர மாட்டேன் என்கிறாள், என்னோடு பேச மாட்டேன் என்கிறாள், தோற்றுவிட்டேன் என்று எழுதினேன். "கருத்துக் கேட்காதீர்கள். ஒரு துண்டு அனுப்புங்கள், ஒன்றும் எழுதாமல். அடுத்த வாரம் இன்னொன்று" என்று பதில் வந்தது. அப்படியே செய்தேன். ஆறாவது வாரம் யாழினி எனக்கு ஒரு துண்டு அனுப்பினாள், ஏதோ கொரியத் தொடரின் பின்னணி. அதைக் கேட்டுச் சமையலறையில் நின்று அழுதேன். அதையும் ரகுநாதனுக்கு எழுதினேன்.

நடுவில் ஒருமுறை, குழுவில் ஏழுமலை என்பவர் உங்கள் நண்பர் என்றீர்களே, அவர் ஏன் எதுவும் எழுதுவதில்லை என்று கேட்டார். ஏதோ பதில் எழுதினேன்.

5

ஒன்பதாம் ஆண்டுக்கு எல்லோரும் முகம் காட்டிப் பேசுவது என்று முடிவானது. ரகுநாதன் கேமரா கெட்டுப்போய்விட்டது என்று எழுத்தில் மட்டும் கலந்துகொண்டார். ஏழுமலை கடையில் கூட்டம் என்று வரவில்லை. வாழ்க்கையில் கேட்டதிலேயே மறக்க முடியாத ஒரு இடத்தை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அன்றைக்கு மட்டும் துண்டு வேண்டாம், சொன்னால் போதும்.

ரகுநாதன் எழுதினார். ஒருத்தி பெட்டியோடு வீட்டைவிட்டுப் போகிறாள், தனியாகப் புல்லாங்குழல். பஸ்ஸில் ஏறுகிறாள். கதவு மூடிக்கொள்கிறது. குழல் பாதி மூச்சில் அறுந்து, அதே நொடியில் பம்பை மேளம் அடிக்கிறது, கலவரக் காட்சி. "பாதி மூச்சில் அறுப்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!" என்று எழுதியிருந்தார்.

அதேதான் என்னுடைய இடமும். பதினாறு வயதில் அந்த இடத்தைக் கேட்டுத்தான் எனக்கு இந்தப் பைத்தியமே பிடித்தது. "ரகுநாதன், நானும் இதைத்தான் சொல்ல இருந்தேன்!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

மாலதி மெதுவாக, "சார், அப்படி ஓர் இடம் அந்தப் படத்தில் கிடையாதே" என்றார். அந்தப் படத்தின் புதுப்பித்த பிரதியை அவர் போன வாரம்தான் பார்த்திருக்கிறார். குழல் மூச்சு முடிந்து அழகாக அடங்குகிறதாம். அதன் பிறகு நான்கு நிமிடத்துக்குக் கோயில் காட்சி, நாதஸ்வரம், மணி எல்லாம் வந்து, அப்புறம்தான் பம்பையாம். அங்கேயே போட்டும் காட்டினார். அவர் சொன்னது சரி.

எல்லோரும் சிரித்தார்கள். ஞாபகம் ஏமாற்றும் என்றார் பேராசிரியர். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே உறைத்தது. ஒருவனுடைய ஞாபகம் ஏமாற்றலாம். இரண்டு பேருடைய ஞாபகம் ஒரே நொடியில், ஒரே இடத்தில் எப்படி ஏமாற்றும்? குழல் பாதி மூச்சில் அறுந்தது ஒரு தியேட்டரில்தான். அனந்தபுரம் பஸ்ஸுக்காகச் சித்தப்பா கோயிலை வெட்டி எடுத்துவிட்டு ஒட்டிய தியேட்டரில். மதுரையில் பிறந்து லண்டனுக்குப் போனேன் என்று சொன்ன மனிதர் அதை எப்படிக் கேட்டிருக்க முடியும்?

ரகுநாதனின் பெயருக்குக் கீழே அன்று வேறொன்றும் வரவில்லை. அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். உலகமே அந்தப் பம்பையை அப்படித்தான் கேட்டது என்று இத்தனை வருடம் நம்பிய இரண்டு பேரில் அவர் ஒருவர், நான் இன்னொருவன்.

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது? வேலை போனது, அழுதது, மகளிடம் தோற்றது, எல்லாம் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில் கிடக்கிறது. வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பான் என்று நினைத்தேன். நம்பி முதுகைக் காட்டியிருந்தேன், குத்திவிட்டான். மனைவி என்ன ஆயிற்று என்று கேட்டாள். யார் என்று சொல்வதற்கு முதலில் ரகுநாதனைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதனால் தலைவலி என்றேன்.

6

மூன்று வாரம் கழித்து அக்கா வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்காக ஊருக்குப் போனேன். விழா முடிந்த மறுநாள் காலை பதினொரு மணிக்கு அவன் கடைக்கு நடந்தேன். என்னென்ன கேட்பது என்று வரிசையாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

ஏழுமலை ஒரு கைப்பேசியைப் பிரித்துப் போட்டு வைத்திருந்தான். தலைமுடி நிறைய நரைத்திருந்தது. "வா சேகரு, எப்ப வந்த? டீ சொல்லட்டா?" என்றான்.

"ரகுநாதன் எப்டி இருக்காரு?" என்றேன்.

திருப்புளியைக் கீழே வைத்தான். "அந்தப் பம்பைதான? எழுதி அனுப்ன அப்புறந்தான் மாலதி மேடம் போட்டத கேட்டேன். சித்தப்பா வேலடா அது! இத்தினி வருசமா அத்த மியூசிக்குன்னு நெனச்சினு இருந்தேன்" என்றான். மறுக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை. அவன் சிரித்ததும் எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

"இன்னாத்துக்குடா இப்டி பண்ண? என் பொண்ணு வெசயம், வேல போன வெசயம், எல்லாத்தையும் ஒரு ஆளுன்னு நம்பி சொன்னேன். என்ன வெச்சி நாலு வருசம் தமாஷ் பண்ணியா?"

"உங்க அக்காவுக்குத் தெரியுமா, நீ ஏழு மாசம் சும்மா இருந்தது?"

"தெரியாது."

"ஊர் வாய் பூரா வந்து நிக்கற எடம் இது. எவன்கிட்டனா ஒரு வார்த்த போயிருக்குதா? எம் பொண்டாட்டிக்கே தெரியாது."

அது உண்மை. புதுமனைப் புகுவிழாவில் ஒருவர்கூட என்னிடம் ஒரு மாதிரியாகப் பேசவில்லை. அதனால் ஆத்திரம் குறைந்ததா என்றால் இல்லை. "அது வேற. பொய் பேர்ல வந்தியே, அதுக்கு இன்னா சொல்ற?" என்றேன்.

அவன் தன் கைப்பேசியை எடுத்து வெகுநேரம் பின்னால் தள்ளிக்கொண்டே போய், ஒன்றை ஒலிக்கவிட்டான். பஸ் ஹாரன். விசில். அதற்கு நடுவே அவன் குரல்: "சேகரு, அது சும்மா இல்லடா. கதவு சாத்துன அப்புறம் தம்புரா ஓடுது, கொறச்சி வெச்சிக்கிறான். காத கிட்ட வெச்சிக் கேளு." கீழே என்னுடைய கட்டைவிரல் குறி. தேதியைப் பார்த்தேன். ரகுநாதன் எழுதியதற்கு எட்டு மாதம் முன்னால்.

"ரெண்டும் ஒரே வெசயந்தான்" என்றான். "நான் சொன்னா கட்ட வெரலு. அவன் சொன்னா ரெண்டு பக்கம்."

"ஒரே சத்தம்டா, எனக்குச் சரியா கேக்கல."

"அவ்ளோ கொறச்சி வெச்ச தம்புரா கேக்குதுன்ற, என் கொரலு கேக்கலியா?"

அப்போது பேசாமல் இருந்திருக்கலாம். "அந்தத் தமிழ் யாரு எழுதிக் குடுத்தது?" என்று கேட்டுவிட்டேன்.

"கரஸ்ல பி.ஏ. தமிழ் முடிச்சேன். சர்டிபிகேட்ட போட்டோ எடுத்து மொதல்ல உனக்குத்தான் அனுப்னேன். அதுக்கும் கட்ட வெரலுதான். மியூசிக் பேரெல்லாம் நெட்ல பாத்து கத்துக்கினேன். காது ஏற்கனவே இருந்திச்சி." பிறகு, எழுத்துத் தமிழில், திருத்தமாக, ரகுநாதனின் குரல் என்று நான் நான்கு வருடம் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்த அதே நிதானத்தில் சொன்னான்: "'ஏழுமலை நல்ல பையன்தான். காது உண்டு, கருத்து கிடையாது. பழைய பழக்கத்துக்காகக் குழுவில் வைத்திருக்கிறேன்.' நீ எழுதனது. கரெக்டா சொல்றனா?"

சரியாகத்தான் சொன்னான். ஒரு எழுத்துப் பிசகவில்லை. நாற்பத்தாறு வயது மனிதனைப் பையன் என்று எழுதியிருந்தேன்.

"அன்னிக்கே அந்த நம்பர தூக்கிப் போட்டிருக்கணும்" என்றான். "ரெண்டு நாளு கடையே தொறக்கல. மூணாவது நாளு நீ பொண்ணப் பத்தி எழுதன. எனக்கும் ஒரு பொண்ணு இருக்குது. பதில் போடாம இருக்க முடில."

டீ வந்தது. இருவரும் குடித்தோம். நான் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்த கேள்விகளில் ஒன்றுகூட மிச்சம் இல்லை. ஆனாலும் சொல்கிறேன், என்னை ஏமாற்றியது உண்மை. நான் நம்பிய ஒரு மனிதரை அவன் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டான். எதிரே உட்கார்ந்திருந்த ஏழுமலையைப் பார்க்கப் பார்க்க எனக்கு ரகுநாதனின் நினைப்புதான் வந்தது. செத்தவரை நினைப்பதுபோல இருந்தது.

ஏழுமலை கிளாஸைக் கீழே வைத்தான். "சரி வுடு. இன்னிக்கே அந்த நம்பர எடுத்துடறேன். குரூப்ல யாருக்கும் சொல்ல வேணாம், உனக்கு அசிங்கம். இனிமே நானே எழுதறேன், என் பேர்ல. நீ பதில் போடுவியா?"

அவன் குரலில் அப்போது கிண்டல் இல்லை. கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். போடுவேன் என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். இதோ, இங்கே உட்கார்ந்து எவ்வளவு சுலபமாக எழுதுகிறேன்.

நான் யோசித்தேன். பேராசிரியர் என்ன நினைப்பார், மாலதி என்ன நினைப்பார் என்று யோசித்தேன். காலையில் எழுந்ததும் யாருக்கு எழுதுவேன் என்றும் யோசித்தேன். பிறகு, அவனை மன்னித்துவிடுவதாகவும், அது என் பெருந்தன்மை என்றும் உண்மையாகவே நினைத்துக்கொண்டு சொன்னேன்: "வேணாம்டா. ரகுநாதன் இருக்கட்டும். எல்லாரும் மதிக்கறாங்க. நீ அந்தப் பேர்லயே எழுது, நான் எப்பவும் போல பதில் போடறேன். இது நமக்குள்ள இருக்கட்டும்."

ஏழுமலை தலையை ஆட்டினான். திருப்புளியைக் கையில் எடுத்தான். பிரித்துப் போட்டிருந்த கைப்பேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"சரிங்க சார்" என்றான்.

எனக்குப் பின்னால் ஒரு அம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, உடைந்த கைப்பேசியை நீட்டியபடி நின்றிருந்தார். ஏழுமலை என்னைத் தாண்டி அவரைப் பார்த்து, "இன்னாக்கா, டிஸ்ப்ளேவா? குடு பாக்கலாம்" என்றான். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், ஆளு நிக்கறாங்க" என்றான்.

தள்ளி நின்றேன்.